பொங்கலுக்கு முதல்நாள் வீடு

டொக். டொக். கொஞ்சம் பொறுத்து, எலும்பு பிளக்கிற மாதிரி இன்னுமொரு டொக். மரக்குற்றியில் கத்தி விழுகிற அந்தச் சத்தத்தை என் காது இன்னதென்று பிடிக்க முதலே வாய் பிடித்துவிட்டது; நாக்கடியில் புளியும் மிளகாய்த்தூளும் ஊறின. மீன் தொழிற்சாலையில் குளிரறை இயந்திரங்களுக்கு இரவெல்லாம் காவலிருந்துவிட்டு நான் காலையில் நடந்து வந்துகொண்டிருந்தேன். வைகாசியில் ஏறினால் ஆடிக் கடைசிவரை இறங்காத சூரியன் கடலுக்கு மேலே நின்றது, பறவைகள் தொண்டை கிழியக் கத்தின, அவ்வளவுக்கும் நடுவில், கம்பனி எப்போதோ பூட்டிவிட்ட மஞ்சள் வீட்டின் குசினிக்குள்ளிருந்து யாரோ மீன்தலை கொத்துகிற சத்தம் வந்தது.

அந்த ஊர் நோர்வேயின் வடக்கு அந்தலையில் இருக்கிறது. அதன் பெயரை எங்கள் ஆட்களில் ஒருவராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை, அதனால் முனை என்று நாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டோம். சண்டைக்குத் தப்பி, ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்ட இடத்திலிருந்து, வடக்கே மீன் வேலை இருக்கிறது என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு மேல் பஸ் ஏறி வந்த பெடியள், ஒரு காலத்தில் அந்த மஞ்சள் வீடு நிறைய இருந்தோம். சமறி என்போம் அதை: ஒரு குசினி, ஒரு பானை, யார் எந்த நேரம் வேலையால் வந்தாலும் அவனுக்குச் சாப்பாடு இருக்கவேண்டும். ஆட்களைவிட மெத்தைகள் குறைவு என்பதால் பகல் வேலைக்காரன் எழும்பின மெத்தையில் இரவு வேலைக்காரன் போய் விழுவான். அந்த வருடம் முழுக்க ஒரு மெத்தையும் ஆறவில்லை. தொழிற்சாலை எறிகிற பெரிய மீன்களின் தலைகளைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டு நாங்கள் தெருவால் வர, ஊர்ச்சனம் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கும். மாதாகோயிலில் கொடுத்த பழைய உடுப்புகளில் எனக்குக் கிடைத்தது ஒரு கிழவியின் ரோமக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பெடியள் சிரித்தார்கள், அப்படியொரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக ஒஸ்லோவுக்கு இறங்கிப்போனார்கள், வீடு வாங்கினார்கள், பிள்ளைகளை வகுப்புகளுக்கு ஏற்றி இறக்கினார்கள். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அப்போதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது.

திறப்பு கம்பனிக் கந்தோரில் ஆணியில் தொங்கியது. எடுத்துவந்து திறந்தேன். உள்ளே இருட்டு. வெயிலில் நின்ற வீட்டுக்குள் தை மாத இருட்டு இருந்தது. உள்ளிருந்து பார்த்தால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பனியும் தெருவிளக்கும் தெரிந்தன. குசினிக் குண்டு பல்பின் கீழே மரியசீலன் நின்றார், முல்லைத்தீவுக்காரர், இருபத்தெட்டு வயது, செத்துப் பல வருடம், சறத்துக்கு மேலே இரண்டு சுவெற்றர் போட்டிருந்தார்.

"வாங்கோ அண்ணை," என்றார் அவர், நான் சீலண்ணை சீலண்ணை என்று பின்னால் திரிந்த மனிதர். "புதுசோ? எந்தக் காம்ப்பிலயிருந்து வந்தனீங்கள்? இருங்கோ, கறி இப்ப இறங்கும். நாளைக்கும் வாங்கோ, நாளைக்குத்தான் பொங்கல்."

மேல்மாடியில் பெடியள் சீட்டு விளையாடுகிற சத்தம் கேட்டது. ஏறிப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள். மூலை மெத்தையில் ரோமக் கோட்டைப் போர்த்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி, இருபத்திரண்டு வயதில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுப்பவில்லை. மெத்தை ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது.

அந்த வீட்டுக்குள் எப்போது போனாலும் பொங்கலுக்கு முதல்நாள்தான். அதை விளங்கப்படுத்த வேண்டும்.

முனையில் கார்த்திகைக் கடைசியில் சூரியன் போனால் தை நடுவுக்குப் பிறகுதான் வரும். இதை எங்கள் மேற்பார்வையாளன் ஓடவார் முதலில் சொன்னபோது பகிடி விடுகிறான் என்றுதான் நினைத்தோம். பகிடி இல்லை என்று தெரிந்தபிறகு பெடியள் ஒவ்வொருவராகக் கதை குறைந்துபோனார்கள். தைப்பொங்கல் நாள் வந்தது. சூரியனே இல்லாமல் யாருக்குப் பொங்குகிறது என்று பொங்கலைத் தள்ளிவைத்தோம். பிறகு ஒருநாள் ஓடவார் வந்து, நாளைக்கு வரும், முகில் இல்லாவிட்டால் காணலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மலையில் ஏறி நின்று பார்ப்பார்கள் என்றான். அன்றைக்குத்தான் அந்த வீடு திரும்ப வீடாக இருந்தது. பானை கழுவினோம். மாதாகோயிலுக்குப் போகிற சீலண்ணை, தான் பொங்குவதாகச் சொன்னார். "வேதக்காரன் பொங்கினா சூரியன் ஏற்குமோடா?" என்று ஒருவன் கேட்க, "சூரியன் கடலுக்குள்ளால வாறது மச்சான், அதுக்குக் கடல்காரனைத்தான் தெரியும், உங்களைத் தெரியாது," என்றார். முனையின் கிழக்குப் பக்கத்தை ஒரு பாறைத்திடல் மறைத்தது. அதனால் அவர் ஓடவாரின் சின்னத் தோணியை எடுத்துக்கொண்டு திடலைச் சுற்றிப் போய், கடலில் விளிம்பு தெரிந்ததும் லாம்பை ஆட்டுவது, நாங்கள் கரையில் கிழக்கே பார்த்து வைத்த பானையில் அரிசி போடுவது என்று முடிவாயிற்று.

சூரியன் எந்தப் பக்கத்தால் வரும் என்று உலகத்தில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அவர்கள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. அடுத்தநாள் நாங்கள் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்க, மத்தியானம் முதுகுக்குப் பின்னால் மலையில் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். திரும்பினால், தெற்கு மலைக்கு மேலே சிவப்பாக ஒரு கீற்று எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பக் கடலைப் பார்த்தோம். காற்று எழும்பிவிட்டது. தோணி மட்டும்தான் பிறகு கிடைத்தது.

வீட்டின் கதையை நான் ஒருவனுக்குத்தான் தொலைபேசியில் சொன்னேன். அந்தக் கோடை முடிய முதல் ஒஸ்லோவிலிருந்து வான் வண்டிகள் வரத் தொடங்கின. ஆச்சரியப்பட்டவர்கள் குறைவு, என்ன கறி, எத்தனை மணிக்குப் போனால் ஆள் முழிப்பாக இருப்பான், பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்றுதான் கேட்டார்கள். நரைத்த மனிதர்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தங்களையே எதிரில் வைத்துக்கொண்டு மீன்தலைக் கறி சாப்பிட்டார்கள். அந்தச் சாப்பாடு வயிற்றை நிரப்பாது, வெளியே வந்ததும் பசிக்கும், ஆனால் வாயில் உறைப்பு கிழமைக்கணக்கில் நிற்கும். மனைவிமார் தங்கள் புருசன்மாரின் மெலிந்த கழுத்தைப் பார்த்துவிட்டுக் காருக்குள் போய் அழுதார்கள். ஒருத்தி மட்டும், "இவ்வளவு வடிவான பெடியனை எங்கயப்பா துலைச்சனீங்கள்?" என்று கேட்டுச் சண்டை பிடித்தாள். கோயில் சபை கூடி இது பிதிர் காரியமா இல்லையா என்று விவாதித்தது. உயிரோடிருக்கிறவனே தனக்குப் பிதிராக முடியுமா என்ற இடத்தில் கூட்டம் முறிந்தது. கொம்யூன் என்கிற ஊர்ச்சபையிலிருந்து இங்கர் என்றொரு பெண் வந்து, உள்ளே இருப்பவர்கள் பதிவு செய்யப்பட்டவர்களா என்று கேட்டாள், இல்லை என்றேன், அப்படியானால் தண்ணீர் வரி ஒரு கழிவறைக்கு மட்டும்தான் என்று சொல்லி, போகும்போது ஒரு கோப்பை கறியும் வாங்கிக்கொண்டு போனாள். கிழவனாகிவிட்ட ஓடவார் ஊன்றுகோலோடு வந்து, சீட்டாடிய பெடியளை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஏசி எழுப்பினான். அவர்களும் அவசரமாகச் சப்பாத்துத் தேடினார்கள்.

யாராவது அவர்களுக்கு இனிமேல் நடக்கப்போவதைச் சொன்னால் அவர்கள் நம்புவதில்லை. குலேந்திரன் சொல்லிப் பார்த்தான்.

"டேய் குலேந்திரன்," என்று தன்னையே கூப்பிட்டான், "உனக்கு ஒஸ்லோவில மாடி வீடு இருக்கடா. கறண்டில ஓடுற கார். மூத்தவள் டொக்டர்."

"அண்ணை, காலமையே தொடங்கிட்டியள் போல," என்றான் பெடியன். "எங்களுக்கும் ஒரு சொட்டு மிச்சம் இருக்கோ?"

"சத்தியமாடா. நான்தான் நீ."

"நீங்கள்தான் நானெண்டா, பாவி, அந்தத் தொப்பையை ஏன் என்ர தலையில கட்டுறியள்?"

படி முழுக்கச் சிரித்தது. குலேந்திரனுக்கு அது பொறுக்கவில்லை. அடுத்தநாள் வந்தவன் பெடியனின் கையைப் பிடித்து, வாடா, வெளியில வந்து காரைப் பார், பிறகு சிரி என்று வாசலைத் தாண்டி இழுத்துவிட்டான். குளிரில் வாயிலிருந்து போகிற ஆவி மாதிரி அந்தப் பெடியன் வெயிலில் போனான். குலேந்திரன் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்று, "வாகீசன், இது என்ன இடம்?" என்று என்னிடம் கேட்டான். அவனுக்கு அந்த வருடம் இல்லை. விமானத்தால் இறங்கி நேரே ஒஸ்லோவுக்கு வந்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். உள்ளே அவன் மெத்தை கிடந்த இடத்தில் பலகைதான் இருந்தது, அப்படியொருவன் இருந்தானா என்று பெடியளுக்குத் தெரியவில்லை. எனக்கும் அந்த வருடத்தில் அவன் முகம் வருவதில்லை. ஏதாவது நினைத்தால் நடுவில் ஒரு கதிரை சும்மா கிடக்கும்.

அதற்குப் பிறகு எல்லாரும் வாசல்படியில் கவனமாக இருந்தார்கள். எமில்டாவுக்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எமில்டா சீலண்ணையின் மனைவி. கலியாணம் முடித்து ஒரு மாதம் ஆக முதல் அவர் வெளிக்கிட்டு வந்துவிட்டார். அவளுக்கு விசா கிடைத்தபோது அவர் இல்லை. விசா இருந்தது, வந்தாள். சில காலம் எங்களோடு நின்று மீன் வெட்டினாள், பிறகு ஒஸ்லோவில் வயோதிபர் இல்லத்தில் வேலை, திரும்பக் கலியாணம் கட்டவில்லை. அவளிடம் போய் உன் புருசன் அங்கே கறி காய்ச்சுகிறார் என்று எந்த வாயால் சொல்வது? கடைசியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் யாருடையதோ மகள், "அன்ரி, உங்கட அங்கிள் நல்லாச் சமைப்பார்," என்று சொல்லிவிட்டது.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். பின்னேர வெயில். என் கதவில் தட்டவில்லை, ஜன்னலில் தட்டினாள்.

"வாகீசன், அவர் அங்க இருக்கிறாரோ?"

"ஓம் எமில்டாக்கா."

"எத்தினை கோடையா?"

ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டேன்.

"எல்லாருமாச் சேந்து ஒரு மனிசனை இருட்டுக்குள்ள வைச்சு, கறி காய்ச்சுவிச்சுத் திண்டிட்டுப் போறியள் என்ன? உப்புப் புளி எல்லாம் அளவாத்தானே இருக்கு?"

"உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு..."

"வாயாலதான்."

அவரைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றாள். வெயிலுக்காகப் போய்ச் செத்த மனிதர், வாசலுக்கு வெளியே வெயில் நிற்கிறது, ஒருக்கால் கண்ணால் கண்டுவிட்டுப் போகட்டும். நான் குலேந்திரனின் கதையைச் சொன்னேன். அவர் வெளியே வந்தால் அந்த வருடத்திலிருந்து அழிந்துவிடுவார், நாங்கள் எல்லாரும் அவரை மறந்துபோவோம், அவர் இந்த நாட்டில் கால் வைத்தது அந்த ஒரு வருடத்தில்தான்.

"மறந்தா மறக்கட்டும். இவ்வளவு காலமும் நான் நினைச்சது காணும்."

"அப்ப நீங்கள் ஏன் இந்த நாட்டுக்கு வந்தனீங்களெண்டு உங்களுக்கே தெரியாமப் போகும் அக்கா."

"இப்ப மட்டும் தெரியுமோ?" என்றாள்.

என்னிடமிருந்து போகப்போவது எதுவென்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. சீலண்ணை போனால் அந்தக் குசினியே போய்விடும். குசினி போனால் அந்த வருடத்தில் மிச்சம் குளிரும் மீன்நாற்றமும்தான். ஏன் ஒஸ்லோவுக்குப் போகவில்லை என்று அந்த நிமிடம் எனக்கு வடிவாகத் தெரிந்தது. ஆனாலும் அவள் அவரின் மனைவி. திறப்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

சீலண்ணை குசினி மேசையில் இருந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ அக்கா. வாங்கோ அண்ணை. இருங்கோ," என்றார். "மற்றப் பெடியள் வேலை முடிஞ்சு வரப்போறாங்கள், அதுக்குள்ள கிழங்கை அவிச்சுப்போடவேணும். அக்கா ஊரில எவடம்?"

"முல்லைத்தீவு. கோயிலடி."

"கோயிலடியோ! என்ர மனுசியும் கோயிலடிதான். எமில்டா. தெரியுமோ?" முகம் முழுக்க வெளிச்சமாகிவிட்டது. "வாய் திறந்தா மூடாள் அக்கா. ஆனா நான் வெளிக்கிட்ட அண்டைக்கு ஒரு சொல்லும் கதைக்கேல்லை. பின்னால திரும்பி நிண்டு உடுப்புக் காயப்போட்டவள், காய்ஞ்ச உடுப்பை."

"நாளைக்குத் தோணியில போகவேண்டாம்," என்றாள்.

"ஏனக்கா?"

"வெயில் கடலுக்குள்ளால வராது. தெற்கால வரும். மலைக்குப் பின்னாலயிருந்து."

அவர் கத்தியோடு கையை உயர்த்தித் தெற்கு எது என்று யோசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "தெற்காலயோ? பாவம், சூரியனுக்கும் இஞ்ச வந்து வழி தெரியாமப் போச்சு."

"இப்பவே வெளியில நிக்குது. வாங்கோ, காட்டுறன்."

அவள் அவரின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள். மற்றக் கையால் கதவைத் திறந்தாள். வெயில் உள்ளே விழுந்தது, பலகைத் தரையில் நீளமாக, மேசைக்கால்வரை. மேலே பெடியளின் சத்தம் நின்றது. சீலண்ணை ஒரு கையில் கத்தியும் ஒரு கையில் பாதி உரித்த கிழங்குமாக நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்தார், அதில் மிதந்த தூசியைப் பார்த்தார், அப்போதுதான் முதல்முதலாக ஒரு பொருளைக் காண்கிறவர் மாதிரி. கால் அசைந்தது. நான் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன்.

"என்ன பாக்கிறியள்? கெதியா வாங்கோவன். எல்லாத்துக்கும் நிண்டு நிண்டு யோசிச்சுக்கொண்டு!" என்று எமில்டா அதட்டினாள்.

அவர் வெயிலை விட்டு அவள் பக்கம் திரும்பினார். தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த, நரம்பு புடைத்த கையைப் பார்த்தார். நரைத்த முன்மயிரை, கண்ணைச் சுற்றின சுருக்கத்தை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தார்.

"இஞ்சரும்," என்றார்.

இவ்வளவு நேரமும் அக்கா என்று கூப்பிட்ட வாய். எங்கள் பக்கத்தில் ஒரு ஆண் இஞ்சரும் என்று கூப்பிடுகிற பெண் ஒருத்திதான் இருப்பாள்.



"வரேக்க குளிருக்கு ஏதும் போட்டு வந்தனீரோ?"

"ஓம். தடிச்ச ஜக்கற். சப்பாத்து, தொப்பி, எல்லாம்."

அவள் வந்தது நைலெக்ஸ் சேலையும் றப்பர்ச் செருப்புமாக. சித்திரைப் பனியில் பஸ்ஸடியில் இறங்கி, விரல் நீலம் பாரித்து நின்றவளை ஓடவாரின் மனைவி படகுக் கம்பளியால் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும்தான் அங்கே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

"ஆர் கூப்பிட வந்தது?"

"பெடியள் எல்லாரும் வந்தவங்கள்."

"நான் வரேல்லை," என்றார்.

"இல்லை."

அவர் தலையை ஆட்டினார், நீரோட்டத்தைக் கணக்குப் பார்க்கிற கடல்காரன் மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணை, இந்தப் படியைத் தாண்டினா என்ன?"

"வெயிலைக் காணலாம்."

"பிறகு?"

"பிறகு ஒருத்தருக்கும் உங்களைத் தெரியாது, சீலண்ணை."

கிழட்டு மனிதன் ஒருவன் தன்னை அண்ணை என்றது அவருக்கு வித்தியாசமாகப் படவில்லை. "இவவுக்குமோ?" என்றார்.

"ஓம்."

வெளிச்சம் அவரின் கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. எமில்டா கையை விடவில்லை. "எனக்குப் பரவாயில்லை," என்றாள், "எனக்குப் பரவாயில்லை, நீங்கள் வாங்கோ, ஒருக்காப் பாருங்கோ, சும்மா ஒருக்கா." சொல்லச் சொல்லக் குரல் கீழே போய்க்கொண்டிருந்தது. அவர் அந்த வெயிலை இன்னும் ஒருதரம், இந்தத் தரம் அதன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, வாசலிலிருந்து மேசைக்கால்வரை பார்த்தார்.

"பெடியள் பசியோட வருவாங்கள்," என்றார். "கதவைச் சாத்தும். சூடு போகுது."

அவள் கதவில் கை வைத்தபடி நெடுநேரம் நின்றாள். பிறகு சாத்தினாள், மெதுவாக. தரையில் வெயில் பாயாகவும், நாடாவாகவும், நூலாகவும் ஒடுங்கி இல்லாமல் போனது. மேலே யாரோ சீட்டைக் குலுக்கினார்கள். எமில்டா தன் ஜக்கற்றைக் கழற்றிப் பெடியளின் கோட்டுகளுக்கு மேலே கொழுவிவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இன்னொரு கத்தி இருக்கோ?"

"லாச்சிக்குள்ள பாரும். தோலைத் தடிப்பா உரிக்காதையும், கிழங்கு கனக்க இல்லை."

"எனக்குத் தெரியும்."

சீலண்ணையும் திரும்பக் கதிரையில் இருந்தார். கையிலிருந்த கிழங்கைத் திருப்பி, தோல் நின்றுபோன இடத்தைப் பெருவிரலால் தேடிப் பிடித்து, அங்கே கத்தியை வைத்தார்.